பதினேழாம் கேள்வி

சிக்னேயின் அறையில் சாய்வு நாற்காலி கிடையாது.
உளவியல்காரி என்று நம்பி வந்தவர்கள்
கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள்.
மூன்று இரும்பு அலமாரி,
ஏரியைப் பார்த்த ஒரு சன்னல்,
மேசையில், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் கோப்பை.
"வீட்டில் ஊற்றுகிற மாதிரி
இதில் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள்" என்பாள்.
எல்லோரும் கோட்டைத் தாண்டித்தான் ஊற்றினார்கள்.

டுலூத்தில் பத்தொன்பது வருடம்
அவளுடைய படிவங்களைக் கணினியில் ஏற்றியவன் நான்.
பாதிப் பேரைக் கையெழுத்தாக மட்டுமே தெரியும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த வினாத்தாள்
இளவயதுக்காரர்களுக்கு எழுதியது.
குடித்ததால் வேலைக்குப் போகாமல் இருந்ததுண்டா?
இல்லை. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம்.
குடித்துவிட்டு வண்டி ஓட்டியதுண்டா?
இல்லை. சாவியை மகள் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.
குடியால் மனைவியோடு சண்டை வந்ததுண்டா?
இல்லை. அவள் மேட்டுக் கல்லறையில் இருக்கிறாள்.
கூட்டினால் பூஜ்யம்.
சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பூஜ்யம்.

கை நடுங்கினால் வயது.
பெயர் மறந்தால் வயது.
குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால்
பாவம், அந்த வயதில் வேறென்ன.
தள்ளாமை, தள்ளாட்டம்:
ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரண்டு சொற்கள்.
நடுவே நகம் நுழைகிற இடத்தில்
முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள்.

நிதி கேட்டு ஏழு முறை எழுதினாள்.
"இத்தனை காலம் குடித்தாயிற்று,
இனி நிறுத்தி என்ன ஆகப்போகிறது?"
என்றார் குழுவில் ஒருவர். அவருக்கே அறுபத்தெட்டு.
எட்டாம் முறை கிடைத்தது, கேட்டதில் பாதி.

பெர்னீஸ் ஸ்க்வாகர்.
கணவனை அடக்கம் செய்த இரவு
தூங்குவதற்கென்று கொடுத்த மாத்திரை.
இருபத்திரண்டு வருடமாக அந்த இரவு விடியவில்லை.
மருத்துவர் மாறினார், மருந்துக்கடை மாறியது,
சீட்டு மாறவில்லை.
"போதையா? நான் தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள்."
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

பிறகு டோய்வோ ரன்டாலா.
இரும்புத் தாதுத் துறையில் நாற்பது வருடம்.
பதினோரு அக்டோபர் தவறாமல் வந்தார்.
பதினேழாம் கேள்வி: போன வாரம் எத்தனை கோப்பை?
முதலில் பதினான்கு.
பிறகு பன்னிரண்டு, பத்து, ஏழு. கடைசியில் மூன்று.
அந்தச் சரிவை, அதுபோன்ற மற்றச் சரிவுகளோடு சேர்த்து,
மூன்று மாநாடுகளில் காட்டினாள் சிக்னே.

அவர் இறந்த மார்ச்சில்
மருமகன் ஒரு கட்டு நாட்காட்டி கொண்டுவந்தான்,
தூண்டில் கடை இலவசமாகத் தருவது.
ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சில் கோடுகள்.
நான்தான் கூட்டினேன். இரண்டு முறை.
வாரத்துக்கு இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது.
ஒரு வருடமும் குறையவில்லை.
ஓர் அக்டோபர் கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்து:
"இந்த முறை ஏழு சொல்லலாம்.
போன தடவை அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சந்தோஷம்."

சிக்னே நின்றபடியே படித்தாள்.
வெளியே பாலம் மேலே ஏறிக்கொண்டிருந்தது,
அந்தப் பருவத்தின் முதல் கப்பலுக்கு.
சங்கு ஊதி ஓயும்வரை பேசவில்லை.
"என் முகம்" என்றாள்.
"பதினோரு வருடமாக
என் முகத்தை அளந்திருக்கிறோம்."

ஆய்விதழுக்கு நாலு வரியில் திருத்தம் போனது.
இன்னும் எத்தனை டோய்வோ, என்று கேட்டேன்.
தெரியாது என்றாள், தயங்காமல்.

அடுத்த அக்டோபரிலிருந்து புதுவிதி:
பதினேழாம் கேள்வியைக் கேட்டதும்
நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்க்க வேண்டும்.
'ம்' கூடக் கொட்டக்கூடாது.
அந்த வருடம் எல்லோருடைய எண்ணும் ஏறியது.
நிதிக்குழு அதைத் தோல்வி என்று எழுதியது.

பெர்னீஸ் முறை வந்தது.
வெகுநேரம் பதிலில்லை.
கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது.
மேசைமேல் ஒரு புட்டி. இன்னொரு புட்டி. மூன்றாவது.
"கணக்கு எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று.
நீயே எண்ணிக்கொள்."

சிக்னே திரும்பவில்லை.
கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.